பெருங்களத்தூருக்குக் கொண்டுபோன புளிமாவு

வாடை அடிக்குதா சார்? அடிச்சா சொல்லிடுங்க, கூச்சப்படாதீங்க. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விடறேன். சாராயம் இல்ல சார். எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க. செங்கல்பட்டுல ஏறுன அந்தம்மா ஒரு நிமிஷம் உக்காந்துட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு முன்னாடி போயிட்டாங்க, பாத்தீங்கல்ல? நான் குடிக்கிற ஆள் இல்ல. இது மாவு.

இந்தாங்க, துண்டை எடுத்துக் காட்டறேன். கண்ணாடி பாட்டில். காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாதிதான் இருந்துச்சு. இப்ப பாருங்க, கழுத்து வரைக்கும் வந்து நிக்குது. ஃப்ரிட்ஜை விட்டு வெளிய எடுத்தா இதுக்குச் சூடு பட்டுடும், பொங்க ஆரம்பிச்சிடும். மூடியை இறுக்கிப் போட்டா வெடிச்சிடும், அதான் லேசா வெச்சிருக்கேன், அதான் வாடை. போகும்போது சுத்தியும் ஐஸ் கட்டி வெச்சு எடுத்துட்டுப் போனேன். வரும்போது ஐஸ் இல்ல. கேக்கத் தோணலை.

இட்லி மாவா? இல்ல சார். ரொட்டி சுடறதுக்கு. ஈஸ்ட் போடாம, வெறும் மாவையும் தண்ணியையும் புளிக்க விட்டு, அந்தப் புளிப்பாலயே ரொட்டியை உப்ப வைக்கறது. தயிருக்கு உறை ஊத்தறோம்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்களேன். கொஞ்சம் எடுத்து ரொட்டிக்குப் போட்டுட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜில வெச்சுடணும். வாரத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து, பாதியைத் தள்ளிட்டு, புது மாவும் தண்ணியும் குடுக்கணும். குடுக்கலைன்னா செத்துப் போயிடும். என் சம்சாரம் இதைத் தாய்மாவுன்னு சொல்லுவா. நான் புளிமாவுன்னுதான் சொல்லுவேன்.

நான் பால் பண்ணை ஆள் சார். தணிகாசலம்னு பேரு. கடலூர்ல ஒரு பண்ணையில குளிரூட்டற பிரிவுக்கு ஷிப்ட் இன்சார்ஜ். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. வர்ற பாலை நாலு டிகிரிக்குக் கொண்டாந்து அங்கேயே நிறுத்தணும், அதான் என் வேலை. அஞ்சுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது. பால் புளிச்சா என் பொழப்பே புளிச்ச மாதிரி. புளிப்புதான் சார் என் எதிரி. அப்படிப்பட்டவன் வீட்டு ஃப்ரிட்ஜிலயே, நடுத்தட்டுல, ஆறு வருஷமா இது உக்காந்திருக்கு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

அவ பேரு திலகவதி. பண்ருட்டி. கல்யாணமாகிப் பதினேழு வருஷம். பிள்ளை இல்ல. அது ஒரு காரணம் இல்ல சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி பாண்டிச்சேரியில ஒரு அம்மா ரொட்டி சுடக் கத்துக்குடுக்கறாங்கன்னு ஆறு சனிக்கிழமை பஸ் ஏறிப் போயிட்டு வந்தா. போன்னு விட்டேன். தடுக்கவே இல்ல, அதையும் சொல்லிடறேன். கடைசி வாரம் ஒரு மருந்து பாட்டில்ல ஒரு ஸ்பூன் மாவு வாங்கிட்டு வந்தா. அதான் வளர்ந்து வளர்ந்து இந்த பாட்டில்.

அதுலேருந்து சனிக்கிழமை ஆனா வீட்டுல ரொட்டி. அடுப்படி பூரா மாவு. மேல கருக்கிட்ட மாதிரி மொறுமொறுன்னு இருக்கும், உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும். ரெண்டு டாக்டர் வீட்டுல கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நானா? நான் அதைத் தொட்டதில்ல. வேலையிலதான் புளிப்பு, வீட்டுக்கு வந்துமா? எனக்குத் தனியா தோசை ஊத்திக் குடுத்துடுவா. அதுல ஒரு குறையும் வெச்சதில்ல.

நல்லவ சார். நானும் கெட்டவன் இல்ல. கை நீட்டினதில்ல. ஒரு பீடி கிடையாது. பதினேழு வருஷத்துல ஒரு நாள் கூட சாப்பாடு நல்லா இல்லைன்னு நான் சொன்னதில்ல.

என்ன கேக்கறீங்க? நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேனாவா? எதுக்கு சார் சொல்லணும்? தட்டு காலியானா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம். எங்கப்பாவும் எங்கம்மாகிட்ட சொன்னதில்ல. அவங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருந்தாங்க.

ஒரு தடவை எங்க பண்ணை மேனேஜர் ஸ்டீபன் சாரும் இன்னும் நாலு பேரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. இவ சாப்பாட்டோட அந்த ரொட்டியையும் நறுக்கி, வெண்ணெய் தடவிக் கொண்டாந்து வெச்சா. நான் சும்மா தமாஷுக்கு, "பாத்தீங்களா சார், நான் பால் கெடாம காவல் காக்கறேன், இவ மாவைக் கெடுத்து எனக்கே ரொட்டி சுடறா"ன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஸ்டீபன் சார் மூணு துண்டு சாப்பிட்டாரு. "பாவம், மரியாதைக்கு முழுங்கறாரு"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. திலகாவும் சிரிச்சா. சிரிச்சாளா... தண்ணி எடுக்க உள்ள போயிட்டா. சிரிச்சிருப்பா. அதுக்கப்புறம் ஒரு மாசம் ரொட்டி சுடலை. நானும் கேக்கலை, மாவு விலை ஏறிடுச்சு போலன்னு இருந்துட்டேன்.

போன ஆவணியில கிளம்பிட்டா.

சண்டை கிடையாது. அதுதான் சார் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஒரு சண்டை போட்டுட்டுப் போயிருந்தா இன்னதுக்குப் போனான்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம். நான் ஷிப்ட் முடிஞ்சு காலையில வர்றேன், பெட்டியோட கூடத்துல உக்காந்திருக்கா. "ஏங்க, நான் கொஞ்ச நாள் தனியா இருக்கப் போறேன்"னா. "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இங்க இருந்தா நான் இருக்கறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது"ன்னா. என்ன பேச்சு இது? தாம்பரத்துல ஒரு பேக்கரியில வேலை சொல்லியிருக்காங்களாம், பொம்பளைங்க விடுதியில இடம் பாத்துட்டாளாம். வேற ஆள் யாரும் இல்ல சார். நான் விசாரிச்சுட்டேன்.

வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் தொறந்தா. இந்த பாட்டிலைத் தொட்டுக் காட்டி, "விடுதியில ஃப்ரிட்ஜ் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை இதுக்கு மாவும் தண்ணியும் மட்டும் குடுங்க. வீடு பாத்ததும் வந்து எடுத்துக்கறேன்"னா.

வந்து எடுத்துக்கறேன்! அந்த வார்த்தை போதாதா சார்? இது இங்க இருக்கற வரைக்கும் அவ எங்க போயிடுவா? எனக்கு அன்னைக்கு அவ்வளவு பெரிய வருத்தம் கூட இல்ல, சத்தியமா.

முதல் ஞாயித்துக்கிழமை தொறந்து பாக்கறேன், மேல சாம்பல் கலர்ல தண்ணி நிக்குது. எனக்கு உசிரே போயிடுச்சு. கெட்டுப் போச்சு, நான் கெடுத்துட்டேன்னு ஃபோன் போட்டேன். எடுத்தா. "பயப்படாதீங்க, அதுக்குப் பசி, அவ்வளவுதான். அந்தத் தண்ணியை ஊத்திட்டு மாவைக் குடுங்க"ன்னா. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க, மருந்து வாடை போற வரைக்கும் தொறந்து வெச்சுட்டு ஊத்துங்கன்னா. பாட்டில்ல ஒரு ரப்பர் பேண்டு மாட்டி வெச்சா எவ்வளவு ஏறுதுன்னு தெரியும்னா. பன்னெண்டு நிமிஷம் பேசினோம் சார். ஃபோன்ல காட்டுதுல்ல, அதான் சொல்றேன். ஒரே வீட்டுல இருந்தப்ப நாங்க சேர்ந்தாப்ல பன்னெண்டு நிமிஷம் பேசினது எப்பன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

அப்புறம் என்ன, ஞாயித்துக்கிழமை ஆனா குளிச்சுட்டு உக்காந்துடுவேன். மாவைக் குடுப்பேன், ஃபோட்டோ எடுத்து அனுப்புவேன், ஃபோன் போடுவேன். ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லைன்னா நானே ஏதாவது சொல்லுவேன். செகப்பா ஒரு கோடு தெரியுதுன்னேன் ஒரு தடவை. ஒரு கோடும் இல்ல. நகப்பாலிஷ் வாடை அடிக்குதேன்னேன். அது நெஜமாவே அடிச்சுது. அவளும் பொறுமையா சொல்லுவா. கொஞ்சம் கோதுமை மாவு சேருங்க, வெயில் படாம வைங்க. பாதியைத் தள்ளணும்னு சொன்னேன்ல, அது எனக்கு மனசு வரலை. அதுல வெங்காயம் நறுக்கிப் போட்டு தோசை ஊத்தித் தின்னேன். அதைச் சொன்னப்ப ஃபோன்ல சிரிச்சா சார். இந்தக் காதால கேட்டேன்.

கார்த்திகையில புயல் அடிச்சுது பாருங்க, எங்க ஏரியா மஞ்சக்குப்பம் பூரா தண்ணி. மூணு நாள் கரண்ட் இல்ல. ஃப்ரிட்ஜ் சூடாயிடுச்சு. எனக்கு வேற வழி தெரியலை. பாட்டிலைச் சட்டைக்குள்ள வெச்சுக் கட்டிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நடந்தே பண்ணைக்குப் போயிட்டேன். அங்க ஜெனரேட்டர் இருக்குல்ல. பால் வெக்கிற குளிர் அறையில, நானு, நாலு டிகிரிக்கு உசிரை விடற நானு, இதைக் கொண்டு போயி வெச்சேன். ஸ்டீபன் சார் பாத்துட்டு மெமோ குடுத்துட்டாரு. குடுக்க வேண்டியதுதான். நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்.

கரண்ட் வந்ததும் அவளுக்கு ஃபோன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். "இதுக்காகவா அந்தத் தண்ணியில இறங்கினீங்க?"ன்னா. குரல் நடுங்குச்சு சார். எனக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு அவளுக்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வாரம் பூரா எனக்குக் காலே தரையில பாவலை.

தைக்கு அப்புறம் அவ ஃபோன் எடுக்கறது கொறைஞ்சுது. வேலை ஜாஸ்தி. நான் ஃபோட்டோ அனுப்பினா கட்டைவிரல் படம் ஒண்ணு வரும். நான் அதையும் எடுத்து எடுத்துப் பாத்துக்குவேன். சில நாள் அதுவும் மறுநாள்தான் வரும். வந்துடும் ஆனா.

சித்திரையில பண்ருட்டி மச்சான் சொன்னாரு. அவ அண்ணன். "தங்கச்சி பெருங்களத்தூர்ல ஒரு போர்ஷன் பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. ஓவன், ஃப்ரிட்ஜ் எல்லாம் வாங்கிப் போட்டு, வீட்டுலயே ரொட்டி சுட்டுக் குடுக்குது"ன்னாரு. ஃப்ரிட்ஜா? அப்ப வந்து எடுத்துக்குவா. எந்த ஞாயித்துக்கிழமையும் வரலாம். வீட்டை ஒட்டடை அடிச்சேன். அடுப்படிக்குச் சுண்ணாம்பு பூசினேன். வைகாசி போச்சு. ஆனி போச்சு. வரலை, கேக்கலை. நான் என்ன நெனச்சேன்னா, கூச்சப்படறா. விட்டுட்டுப் போனவ எந்த முகத்தோட வந்து கேப்பான்னு கூச்சப்படறா. சரி, ஆம்பளை நாமதான் ஒரு படி இறங்கிப் போகணும்னு இன்னைக்கு லீவு போட்டேன். சொல்லாம போவோம், சந்தோஷப்படட்டும்னு.

மாடி வீடு. கதவைத் தொறந்தா. என்னைப் பாத்தா. அப்புறம் கையில இருக்கறதைப் பாத்தா. "ஐயோ, இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?"ன்னா.

சந்தோஷத்துல சொல்றான்னுதான் நெனச்சேன். நெஜமா.

இளைச்சிருந்தா. முடியைக் கொஞ்சம் கொறைச்சிருக்கா. நல்லாத்தான் இருந்துச்சு. "உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் தொறந்தா. நான் நேரா அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். நடுத்தட்டுல ஒரு பாட்டில் சார். இதே மாதிரி. ரப்பர் பேண்டு போட்டு. உள்ள நல்லா பொங்கி, சின்னச் சின்ன ஓட்டையோட, இதை விட நல்ல வெள்ளையா.

"புதுசா?"ன்னேன்.

"இல்லைங்க, அதேதான்"னா. "கிளம்பின அன்னைக்கே ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வந்துட்டேன். விடுதி வார்டன் அவங்க ஃப்ரிட்ஜில ஒரு மூலையில வெச்சுக்கச் சொன்னாங்க."

எனக்கு ஒண்ணும் வெளங்கலை. நான் தண்ணியைக் குடிச்சேன். அவ பசியோட வந்திருப்பீங்கன்னு சொல்லி, காலையில சுட்ட ரொட்டியை நறுக்கி, வெண்ணெய் தடவித் தட்டுல வெச்சா. சாப்பிட்டேன். ஆறு வருஷம் தொடாததை அவ எதிர்ல அன்னைக்குத்தான், இன்னைக்குத்தான், வாயில வெச்சேன். மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு, அந்தப் புளிப்பு லேசா கடைசியில வந்துச்சு. நல்லா இருக்குன்னேன். வாயில தானா வந்துடுச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பி, குழாயைத் தொறந்து விட்டுட்டு கையைக் கழுவிக்கிட்டே நின்னா. ரொம்ப நேரம் கழுவினா. மாவு ஒட்டினா லேசுல போகாது சார், நானும்தான் பாத்திருக்கேனே.

அப்புறம்தான் கேட்டேன். "உன்கிட்ட இருக்கும்போது எதுக்கு என்கிட்ட குடுத்துட்டு வந்தே?"

முகத்தைத் துடைச்சுக்கிட்டு எதிர்ல வந்து உக்காந்தா. "ரெண்டு வாரத்துல நீங்களே தூக்கிப் போட்டுடுவீங்கன்னு நெனச்சேங்க"ன்னா. "உங்களுக்குத்தான் அது பிடிக்காதே. எனக்கு அதை என் கையால சிங்க்ல ஊத்த மனசு வரலை, அதான்."

"வந்து எடுத்துக்கறேன்னியே?"

"கிளம்பற நேரத்துல ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னதுங்க அது."

அவ கத்தலை, கோவப்படலை. மெதுவாத்தான் சொன்னா. ஏன் இத்தனை மாசம் சொல்லலை, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்னேன். "சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க புயல்ல தண்ணிக்குள்ள நடந்து போனேன்னு சொன்னீங்களே, அதுக்கப்புறம் எனக்கு பயமாயிடுச்சு. இதுவும் இல்லைன்னா நீங்க என்ன பண்ணிக்குவீங்களோன்னு பயம். அதனாலதான் ஃபோன் எடுத்தேன். அதனாலதான் அந்தக் கட்டைவிரலும். இனிமே என்னால முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை வந்தாலே ஃபோனைத் தலைகாணிக்கு அடியில வெச்சுடறேன்"ன்னா.

பயமாம் சார். அக்கறை இல்லாதவங்களுக்குப் பயம் எதுக்கு வரப்போகுது? நீங்களே சொல்லுங்க. இதை அவகிட்டயே கேட்டேன். அவ என்னைப் பாத்தா. சொல்லத் தெரியலை எனக்கு, ஒரு மாதிரி பாத்தா. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரரைப் பாப்போம்ல, அந்த மாதிரி.

"இனிமே ஃபோன் பண்ணாதீங்க"ன்னா. "வர்ற மாசம் அண்ணன் வக்கீலோட வந்து பேசுவாரு, நீங்க நல்லபடியா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. உங்க மேல எனக்கு இப்பவும் கோவம் இல்ல."

கோவப்படு திலகான்னேன். ஒரு தடவை கோவப்பட்டு நாலு வார்த்தை திட்டிடு, நான் கேட்டுக்கறேன்னேன். நான் அழலை சார், கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன் போல, கீழ் வீட்டுல யாரோ எட்டிப் பாத்தாங்க. அவ கதவைச் சாத்தலை. "அதெல்லாம் தாண்டிடுச்சுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

இந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு, "இதை நானே ஊத்திடட்டுமா? ஒண்ணும் தப்பில்லைங்க, வெறும் மாவுதானே"ன்னா. நான் வாங்கிக்கிட்டேன். குடுக்க மாட்டேன்னு சொல்லலை, சும்மா கையை நீட்டினேன், குடுத்துட்டா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. என் பையை அவதான் தூக்கிட்டு வந்தா. வழி பூரா வண்டிச் சத்தம், பேசறதுக்கும் இல்ல. இந்த பஸ்ஸை நிறுத்தி, இந்த சீட்டுல என்னை உக்கார வெச்சு, கண்டக்டர்கிட்ட போயி, "இவரைக் கடலூர்ல பாத்து இறக்கி விட்டுடுங்க"ன்னா. நான் என்ன நோயாளியா சார்? இருபத்திரெண்டு வருஷமா பண்ணை வேலையா இந்த ரோட்டுல போயிட்டு வர்றவன்.

இறங்கி, இந்த ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னா. ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். "வேளா வேளைக்குச் சாப்பிடுங்க"ன்னா. "நீயும்"னேன். பஸ் நகந்துச்சு. நிப்பான்னு நெனச்சு எழுந்து, பின் கண்ணாடி வழியா திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள ரோட்டைத் தாண்டிட்டா. வேகமா போறா சார். கையை வீசிக்கிட்டு, அந்தக் கூட்டத்துல, அவ்வளவு வேகமா. அவ அப்படி நடந்து நான் ஒரு நாளும் பாத்ததில்ல.